பென் டிரைவை எவ்வளவு தூரம் நம்பலாம்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தோட்டத்து மூன்றாம் லயத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடுவது, புல்லுக்கு மருந்தடிப்பது என்று கிடைத்த வேலையைச் செய்து, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். முந்தானையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்து என் கையில் வைத்தார். ஏதோ நகையாக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் ஒரு பென் டிரைவ்.

"வாத்தியாரய்யா, இதுல எங்க வீட்டுக்காரரு படமும் மவ கல்யாணமும் இருக்கு. பட்டணத்துல படம் புடிச்ச தம்பி போட்டுக் குடுத்தது. ஏழு வருசமாச்சு. முன்ன டிவியில குத்துனா தெரியும், இப்பத் தெரிய மாட்டேங்குது. கெட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

உட்காரச் சொல்லிவிட்டு என் கணினியில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்து, அதன் பித்தளை நிறத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, பக்கத்திலிருந்த வேறொரு வாயில் செருகினேன். விளக்கு மினுங்கியது, திறந்துகொண்டது. காலமான கணவரின் படங்கள் அத்தனையும் இருந்தன. கல்யாண வீடியோ நான்கு பாகங்கள், அதில் ஒரு பாகம் பாதியில் நின்றுபோனது. வேறு எதையும் செய்வதற்கு முன்னால், இருந்ததையெல்லாம் கணினிக்குள் நகல் எடுத்தேன். எடுத்து முடியும்வரை எனக்குப் படபடப்பாகவே இருந்தது.

நான் ஏன் அப்படிப் பதற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு நான் வேறொரு தோட்டத்துப் பள்ளியில் இருந்தேன். அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் நூறு குடும்பங்களுக்கு மேல் இருந்த இடத்தில் இருபத்தைந்து குடும்பங்களே மிஞ்சியிருந்தன. கடைசித் திருவிழா நடந்தபோது கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, இனிமே ஆளுக்கொரு திசையாப் போயிடுவோம். எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வையுங்க" என்றார். நானும் வீடு வீடாகப் போனேன். சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பெரட்டுக் களத்தில் வாளியோடு வரிசையாக நின்று எடுத்த படங்கள், பழைய அடையாள அட்டைகள், கங்காணி ஒருவர் காலத்துப் பேரேடு, இப்படி 1,500 படங்களைக் கைப்பேசியிலேயே எடுத்துச் சேர்த்தேன். திருவிழாவையும் வீடியோ பிடித்தேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, தோட்டத்திலேயே மூத்தவரான 86 வயதுப் பாட்டி ஒருவரைப் பேச வைத்து, நாற்பது நிமிடம் குரலைப் பதிவு செய்தேன். 1943இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, ஜப்பான்காரர்கள் அவருடைய தகப்பனாரைச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர் திரும்பவில்லை. லாரியில் ஏற்றும்போது அவர் என்ன சொன்னார், அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்திருந்தார்கள், பிறகு தாயார் எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்றெல்லாம் பாட்டி சொன்னார். அவர் அதையெல்லாம் அதற்கு முன்பு யாரிடமும் கோவையாகச் சொன்னதில்லை என்று அவருடைய மகனே கூறினார்.

இவ்வளவையும் வைக்க, இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு ஒரு பென் டிரைவ் வாங்கினேன். அட்டையில் 256 ஜிகாபைட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கணினியும் அப்படியே காட்டியது. முதலில் படங்களை ஏற்றினேன், பிறகு திருவிழாவை ஏற்றினேன், கடைசியில் பாட்டியின் குரலை ஏற்றினேன். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அங்கிருந்ததை அழித்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துப் பாட்டி காலமானார். பதினாறாம் நாள் படைத்த பிறகு, "அம்மா பேசுனதப் போடுங்க சார், கேக்கலாம்" என்று மகன் கேட்டார். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பென் டிரைவைச் செருகினேன். கோப்பின் பெயர் இருந்தது. அதன் அளவும் சரியாக இருந்தது. அழுத்தினால் திறக்கவில்லை. திருவிழா வீடியோவும் அப்படித்தான், முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு ஒன்றுமில்லை. படங்கள் மட்டும் பிழைத்தன.

அந்த 256 ஜிகாபைட் சுத்தப் பொய். உள்ளே இருந்தது 8 ஜிகாபைட் சில்லு. பென் டிரைவுக்குள் தன் கொள்ளளவைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. அதையே திருத்தி, 8 இருக்கும் இடத்தில் 256 என்று சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். எட்டு நிறையும்வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் ஏற்றுவது சில பென் டிரைவுகளில் காற்றோடு போகும், சிலவற்றில் முன்பு ஏற்றியதன் மேலேயே விழுந்து அதையும் கெடுக்கும். ஆனால் பெயர்ப் பட்டியல் ஓர் ஓரத்தில் தனியாக எழுதப்படுவதால் பெயர்கள் மட்டும் அழகாகத் தெரியும். ஏற்றும்போது எந்த எச்சரிக்கையும் வராது. இதைப் பிற்பாடு பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் எனக்கு விளக்கினார். "சார், 256 இந்த விலைக்கு எப்படிக் கிடைக்கும்னு யோசிக்கலையா?" என்றார். யோசிக்கவில்லைதான். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற நான், இதை வாங்கும்போது அட்டையை மட்டும் பார்த்தேன்.

அன்று முதல் இந்தச் சின்னப் பொருளைப் பற்றித் தேடிப் படித்ததையும், கையால் சோதித்துப் பார்த்ததையும்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அதன் பிறப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பென் டிரைவைக் கண்டுபிடித்தவர் மலேசியர் என்று பள்ளிகளில் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. சிலாங்கூரில் நெல் வயலுக்கும் மீனுக்கும் பெயர்போன செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங் என்பவர், தைவானுக்குப் படிக்கப் போய், அங்கேயே நண்பர்களோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் பைசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பென் டிரைவை இயக்கும் வேலைகளையெல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கியது அந்த நிறுவனத்தின் பெரும் சாதனை. ஆனால் அதற்கு முன்பே, 1999இல், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே 'தம்டிரைவ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே பலர் கைபட்டுப் பிறந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளையை மலிவாகவும் சிறியதாகவும் ஆக்கியதில் செகிஞ்சான்காரருக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொன்னால் தவறில்லை.

அந்த முதல் காலத்துப் பென் டிரைவில் 8 மெகாபைட்தான் கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், இரண்டே படம்! ஆனால் அதற்கு முன்பு நாம் பயன்படுத்திய நெகிழ்வட்டில் 1.44 மெகாபைட்தான். ஒரு படம்கூட முழுதாக ஏறாது. என் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் ஒப்படைப்புகளை நெகிழ்வட்டில் கொண்டுபோய், விரிவுரையாளரின் கணினி அதைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மறுபடி ஓடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

இனி வேகத்தைப் பற்றிப் பார்ப்போம். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அட்டையில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் பென் டிரைவிலிருந்து படிக்கும் வேகம். நாம் அதற்குள் ஏற்றும் வேகம், அதாவது எழுதும் வேகம், அதைவிட மிகவும் குறைவு. 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும் ஒரு பென் டிரைவ், எழுதும்போது 15, 20 என்று தவழும். மலிவான பழைய வகை விநாடிக்கு 5 மெகாபைட்டில் எழுதுவதும் உண்டு. 1,000 படங்கள், அதாவது 4 ஜிகாபைட், விநாடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் ஏற 13 நிமிடம் ஆகும். 25 மெகாபைட் வேகம் இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடையில் கேட்கும்போது, "எழுதும் வேகம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அட்டையில் அதைப் போடவே இல்லையென்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, பென் டிரைவ் மட்டும் வேகமாக இருந்து பயனில்லை, செருகும் வாயும் வேகமாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 வகைக்கு 480 மெகாபிட் என்று கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், போக்குவரத்துச் செலவெல்லாம் போக 30 அல்லது 40 கிடைத்தால் நல்லது. 2008இல் வெளியான யூஎஸ்பி 3.0 இதைவிடப் பத்து மடங்குக்கு மேல். கணினியில் பல வாய்கள் இருந்தால் உள்ளே நீல நிற பிளாஸ்டிக் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நீலம்தான் புதிய வகை. புதிய பென் டிரைவைப் பழைய வாயில் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். எங்கள் பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை, புதிதாக வாங்கிய பென் டிரைவ் மோசம் என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். நீல வாயில் மாற்றிச் செருகச் சொன்னேன், பிரச்சினை தீர்ந்தது.

ஒரே பெரிய கோப்பு சீக்கிரம் ஏறுகிறது, அதே அளவு ஆயிரம் சிறிய கோப்புகளாக இருந்தால் நேரம் பிடிக்கிறது, இது ஏன் என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு வாளிப் பாலை ஸ்டோரில் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதே பாலை மங்கு மங்காக மரத்துக்கு மரம் நடந்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பால் ஒன்றுதான், நடைதான் வேறு. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பெயர் எழுத வேண்டும், இடம் பார்க்க வேண்டும், கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் நிறையப் படங்களை அனுப்பும்போது, முதலில் அவற்றை ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி ஏற்றினால் நேரம் மிச்சமாகும்.

எழுதுவது ஏன் படிப்பதைவிட மெதுவாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பென் டிரைவுக்குள் ஓடும் சக்கரமோ சுழலும் தட்டோ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு அறைகள் கொண்ட நினைவகச் சில்லு ஒன்று, அதை மேய்க்கும் சில்லு ஒன்று, அவ்வளவுதான். இந்த வகை நினைவகத்தை 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோக்கா. ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் மின்னூட்டம் அடைபட்டுக் கிடக்கும். அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே எழுத்தையும் படத்தையும் பாட்டையும் கணினி படித்துக்கொள்கிறது. படிப்பதற்கு எட்டிப் பார்த்தால் போதும். எழுதுவதற்கோ, அறையின் மெல்லிய காப்புச் சுவரை ஊடுருவி மின்னூட்டத்தைத் தள்ள வேண்டும். அதற்கும் முன்னால் பழையதை அழிக்க வேண்டும். அழிப்பது ஒவ்வோர் அறையாக நடக்காது, ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். ஒரேயோர் எழுத்தைத் திருத்துவதற்காகக் கரும்பலகை முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவது போல. புதுப் பென் டிரைவ் முதலில் வேகமாக இருந்து நாளாக ஆக மந்தமாவதற்கும் இது ஒரு காரணம்.

அந்தக் காப்புச் சுவர் இருக்கிறதே, அதுதான் பென் டிரைவின் ஆயுள். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அது சிறிது தேய்கிறது. மரத்தில் கத்தி போடப் போடப் பட்டை குறைவது போலத்தான். என்ன, மரத்துக்குப் பட்டை மறுபடி வளரும், இதற்கு வளராது. ஓர் அறையில் ஒரே பிட் வைத்த பழைய உயர்ந்த வகை ஏறத்தாழ 100,000 முறை தாங்கும். இப்போது மலிவாகக் கிடைப்பவற்றில் ஓர் அறைக்குள் மூன்று பிட்டைத் திணிக்கிறார்கள். அதனால் விலை குறைந்தது, கொள்ளளவு கூடியது, ஆயுள் சில நூறு முதல் சில ஆயிரம் முறை என்று இறங்கிவிட்டது. நல்ல நிர்வாகி ஒரே மரத்தில் தினம் கத்தி வைக்க விடமாட்டார், நிரை மாற்றி மாற்றி வெட்டச் சொல்வார். பென் டிரைவை மேய்க்கும் சில்லும் அப்படித்தான், எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் பங்கிட்டு விடுகிறது. மட்டமான சரக்கில் அந்த நிர்வாகி சரியில்லை.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு முறை பென் டிரைவை முழுவதும் நிரப்பி முழுவதும் அழிக்கிறீர்கள் என்றாலும் ஆண்டுக்கு 52 முறைதான். 1,000 முறை தாங்கக்கூடியது தேய்ந்துபோக 19 ஆண்டுகள் ஆகும். நம் வீடுகளில் பென் டிரைவ் தேய்ந்து சாவதில்லை. வேறு வகையில்தான் சாகிறது.

முதல் எமன், செருகியபடியே இடித்துக்கொள்வது. கணினியில் நீட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் முழங்கை பட்டு வளைந்தால், உள்ளே பற்றவைத்த இடம் விட்டுப்போகும். இரண்டாவது, எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவுவது. திரையில் ஏற்றம் முடிந்ததாகக் காட்டினாலும் உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பிடுங்கினால் பெயர்ப் பட்டியலே குலைந்துபோகும். புதிய கணினிகள் இதைக் கொஞ்சம் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன என்றாலும், 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்திவிட்டு எடுப்பதற்கு மூன்று விநாடிதான் ஆகும். சட்டைப் பையோடு துவைத்துவிட்டீர்களா? உடனே செருகிப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய விடுங்கள். பல சமயம் பிழைத்துக்கொள்ளும். என் மனைவி இரண்டு தடவை துவைத்த பென் டிரைவ் ஒன்று இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது வெயில். நிறுத்தி வைத்த காரிலேயே பாட்டுக்காகச் செருகி விட்டுவிடுகிறோம். பாட்டுக் கேட்பதால் தேய்மானம் பெரிதாக இல்லை, அது படிப்பு வேலைதான். ஆனால் மூடிய காரின் சூடு மின்னூட்டத்தைச் சீக்கிரம் கசிய வைக்கும். ஆம், மின்னூட்டம் கசியும். மண்பானையில் தண்ணீர் குறைவது போல, அறைகளில் அடைபட்டது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். அதிகம் எழுதித் தேய்ந்ததிலும் சூட்டில் கிடந்ததிலும் இன்னும் வேகமாகக் குறையும். அலமாரியில் சும்மாதானே இருக்கிறது, எப்படிக் கெடும் என்று கேட்கிறார்கள். சும்மா இருப்பதாலும் கெடும். கல்யாண ஆல்பத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போல இதைப் பூட்டி வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்களேன், எடுத்துச் செருகி, எல்லாவற்றையும் வேறோர் இடத்துக்கு நகல் எடுத்து, திறந்து பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்தால் போதாது. ஓட விட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

பட்டணத்தில் நகலெடுக்கும் கடைக்குப் பிள்ளைகளிடம் பென் டிரைவைக் கொடுத்து அனுப்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பலர் செருகிய கணினியில் நாமும் செருகும்போது வைரஸ் தொற்றிக்கொள்ளலாம். 2008இல் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்ற கிருமி, பென் டிரைவ் வழியாகவும்தான் ஊர் ஊராகப் போயிற்று. கடைக்குக் கொண்டுபோக ஒரு சின்னப் பென் டிரைவைத் தனியாக வைத்து, அச்சடிக்க வேண்டியதை மட்டும் அதில் போட்டு அனுப்புங்கள். குடும்பப் படங்களும் அடையாள அட்டை நகலும் பிறப்புப் பத்திரமும் இருக்கிற பென் டிரைவ் கடை மேசையில் மறந்து கிடக்க வேண்டாம். பூட்டுப் போடாத பென் டிரைவை யார் கையில் எடுத்தாலும் படிக்கலாம்.

கேள்வியாக அடிக்கடி வரும் இரண்டையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 64 ஜிகாபைட் வாங்கினால் கணினி 59 சொச்சம் காட்டுகிறதே, அதுவும் ஏமாற்றா என்றால், இல்லை. செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1,024 ஆக எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான். இடம் நிறைய இருந்தும் கல்யாண வீடியோ ஏறவில்லை என்றால், அந்தக் கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் இருக்கும். எஃப்ஏடி 32 என்ற பழைய முறையில் அமைத்த பென் டிரைவ் அதற்கு மேல் ஒரே கோப்பை ஏற்றுக்கொள்ளாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. பழைய தொலைக்காட்சிகள் சில அந்தப் புதிய முறையைப் படிக்காமலும் போகலாம்.

சரி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். வாங்கிவிட்டால், எதையும் வைப்பதற்கு முன்பு அதை முழுவதும் நிரப்பிப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. அதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. பென் டிரைவின் கடைசி மூலை வரைக்கும் எதையாவது எழுதி, எழுதியபடியே திரும்ப வருகிறதா என்று அவை ஒப்பிட்டுப் பார்க்கும். 64 ஜிகாபைட்டை விநாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். செருகிவிட்டுச் சமையலைப் பாருங்கள். உண்மையான எழுதும் வேகமும் அதிலேயே தெரிந்துவிடும். இப்போது நான் எந்தக் கடையில் வாங்கினாலும், எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும், இதைச் செய்யாமல் ஒரு படத்தையும் உள்ளே வைப்பதில்லை. ரசீதையும் அதுவரை தூக்கிப் போடுவதில்லை.

ஆனால் சோதித்துத் தேறிய நல்ல பென் டிரைவும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். பழைய வன்தட்டாவது கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். இது நேற்று மாலை ஓடும், இன்று காலை ஓடாது. அதனால்தான் நான் பென் டிரைவைப் பெட்டகம் என்று சொல்வதில்லை, தூக்குச் சட்டி என்று சொல்கிறேன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அருமையான பொருள். சோற்றைத் தூக்குச் சட்டியிலேயே போட்டு மாதக்கணக்கில் வைப்போமா? இழக்க முடியாத படமோ குரலோ இருந்தால் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று கணினியிலோ வெளி வன்தட்டிலோ. மூன்றாவது நம் வீட்டை விட்டு வெளியே, வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ. இணையம் ஒழுங்காகக் கிடைக்கிற தோட்டங்களில் இணையச் சேமிப்பையும் அந்த மூன்றாவதாக வைக்கலாம். எங்கள் பக்கம் மழை வந்தால் அலைவரிசை போய்விடும், அதனால் நான் மகள் வீட்டைத்தான் நம்புகிறேன்.

அந்த மூன்றாம் லயத்து அம்மாளுக்கு இரண்டு புதுப் பென் டிரைவுகள் வாங்கிச் சோதித்து, எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒன்று அவருக்கு, ஒன்று ஜொகூரில் இருக்கும் மகளுக்கு. ஒரு நகல் என் வன்தட்டில் இருக்கிறது. நின்றுபோன அந்த ஒரு பாகத்தைப் படம் பிடித்த தம்பியிடம் கேட்டோம். அவரிடமும் இல்லை. தாலி கட்டும் நேரம் அதில் இல்லையாம், பந்தி மட்டும்தான் என்று அம்மாள் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

பழைய தோட்டத்துப் பாட்டியின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தேடி நான் கேட்காத ஆள் இல்லை. கடைசியில், அன்றைக்குப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் ஒருவன், விளையாட்டாகத் தன் கைப்பேசியிலும் கொஞ்சம் பதிவு செய்து வைத்திருந்தது தெரியவந்தது. நாற்பது நிமிடத்தில் நான்கு நிமிடம். அதில் சயாமுக்குப் போன தகப்பனார் வரவில்லை. பாட்டி தம் கல்யாணத்தில் யார் யார் சண்டை போட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார், பின்னால் சேவல் கூவுகிறது. அந்த நான்கு நிமிடம் இப்போது ஐந்து வீட்டில் இருக்கிறது.

பென் டிரைவைச் சோதிக்க வழி தெரியாத எங்கள் தோட்டத்து அன்பர்கள், வெள்ளிக்கிழமை மாலைகளில் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுத்துக்கொண்டு பிறகு சோதித்துத் தருகிறேன்.